அறுபத்தோராம் இலக்கம்

பண்ணைப் பாலத்துக்கு மேற்கே
முழங்கால் தண்ணியில் நின்றுகொண்டு
நூற்றுப் பன்னிரண்டு நண்டுகளுக்கு நம்பர் கட்டினேன்.
இடப்பக்க முள்ளிலிருந்து வலப்பக்க முள்ளுக்கு
முதுகுக்கு மேலால் ஒரு கம்பி,
கம்பியில் மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு,
துண்டில் எங்கள் ஆய்வுகூடத்தின் தொலைபேசி.
ஆணா பெண்ணா, ஓட்டின் அகலம்,
சினை இருந்தால் சினையின் நிறம்:
மஞ்சளென்றால் இன்னும் நாள் கிடக்கு,
கறுப்பென்றால் நாளையோ, இன்றிரவோ.
எழுதி முடித்துக் கையை விட
பக்கவாட்டில் நீந்திப் போயின,
இரண்டு மட்டும்
என் பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டு.

கொண்டுவருபவருக்கு முந்நூறு ரூபாய்
என்று குருநகர் இறங்குதுறையில் நோட்டீஸ் ஒட்டினோம்.
ஒன்றை மழை தின்றது.
மற்றதை ஆடு.

மூன்று மாதத்தில்
தொலைபேசி இரண்டு தரம் அடித்தது.
ஒன்று, காப்புறுதிக் கொம்பனி.
மற்றது யூசைப்பிள்ளை.

வந்தவர் சொப்பிங் பையைத் திறந்து
மேசையில் எடுத்து வைத்தார்.
முதுகு, கால், கொடுக்கு, எல்லாம் அதனதன் இடத்தில்.
மஞ்சள் துண்டில் அறுபத்தொன்று.
தூக்கினேன். பாரமில்லை.
பின்பக்கம் ஒரு பிளவு,
சாத்த மறந்துபோன கதவு மாதிரி.
கண்ணுக்கு மேலிருந்த தோலைக்கூடக் கழற்றி வைத்திருந்தது.
செவுளின் ஒவ்வோர் இழைக்கும் ஒரு மெல்லிய உறை.
முகர்ந்து பார்த்தேன்.
செத்ததென்றால் மணக்கும். மணக்கவில்லை.

"ஐயா, இது கோது."
"ஓம் மிஸ், கோதுதான்."
"நண்டு எங்க?"
"நண்டு போட்டுது. நம்பர் நிக்குது.
நோட்டீசில நம்பருக்குத்தானே காசு எண்டு கிடந்தது?"

நோட்டீசை எழுதினது நான்தான்.
முந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

தேத்தண்ணி ஆறும்வரை இருந்தார்.
பாஸ் காலத்தில
எனக்கொரு நம்பர், வள்ளத்துக்கொரு நம்பர், என்றார்.
விடிய வாங்கிக்கொண்டு போய்
பொழுதுபட முந்தித் திருப்பிக் கொடுக்கவேணும்.
ஒருக்கால் காற்றுக்கு அள்ளுப்பட்டு மண்டைதீவில ஒதுங்க
நம்பர் திரும்பி வரேல்ல எண்டு
வீட்டில ஒப்பாரி வைச்சிட்டினம்.
சிரித்தார். பிறகு கேட்டார்:
"உரிச்ச கையோட இது எங்க போய் ஒளிக்கும்?"
சாதாளைக்குள்ளே, சேற்றுக்குள்ளே, என்றேன்.
ஓடு இறுகும்வரை
இறால்கூட வந்து கடித்துப் பார்க்கலாம்.
"அதுதானே, நிலவு நண்டில தண்ணிதான்"
என்று எனக்கு விளக்கம் முடித்தார் அவர்.

என் அட்டவணையில் இரண்டு நிரல்:
பிடிபட்டது. இறந்தது.

கோது பிளக்கும் தையலில் ஊசியால் ஏற்றினால்
உரித்தாலும் நம்பர் சதையோடு நிற்குமாம்.
அந்த ஊசியின் விலை
எங்கள் ஆறு மாத எரிபொருள்.
இப்போது மற்ற நூற்றுப் பதினொன்றையும் நினைக்கிறேன்.
வலையில் போயினவோ,
இழுவைமடி வாரிக்கொண்டு போனதோ,
அல்லது எல்லாமே
என் கம்பியையும் என் எழுத்தையும்
ஒரு பழைய சட்டையோடு சேர்த்துக்
கழற்றி எறிந்துவிட்டு
பெரிதாகிப் போயினவோ.

மறுநாள் நாவாந்துறை வாடியில்
ஐஸ் பெட்டிக்குள் ஒரு பெண் நண்டு,
நூற்று நாற்பத்தியொரு மில்லிமீற்றர்.
முள்ளில் ஒரு தழும்பு இருக்குமோ என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"வாங்கப் போறியளோ, அளக்கப் போறியளோ?"
என்றாள் நிறுக்கிற எமில்டா.
இரவு அது விமானத்துக்குப் போகவேணும்.

ஆய்வுகூடம் திரும்பி
கோதை வேணியர் இடுக்கிக்குள் வைத்தேன்.
நூற்றுப் பதினெட்டு.
நான் விட்ட அன்றும் நூற்றுப் பதினெட்டு.
அதற்கு மேல்
அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பென்சிலால் மூன்றாவது நிரல் ஒன்று கீறினேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.
யூசைப்பிள்ளை மறுபடி எடுத்தார்:
"மிஸ், இன்னும் நாலு கோது கிடக்கு.
நம்பர் இல்லை.
அதுக்கு எவ்வளவு?"